சுரங்கப்பாதைக்குள் யானை

இதில் எவ்வளவு உண்மையாக நடந்தது, எவ்வளவு பிற்பாடு அத்தான் சொல்லிச் சொல்லி என் தலைக்குள் நடந்தது என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அன்றைக்கு மழை பெய்ததாக எனக்கு ஞாபகம். வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறார் அத்தான். டீச்சர் எங்கள் அறையில் உட்கார்ந்து அழுதார் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவரையே கேட்டேன். "நானா அழுதேன்? கோபத்துல மூக்கு ஒழுகியிருக்கும்" என்றார். யானை இல்லை என்கிற ஒரு விஷயத்தில்தான் மூவரும் ஒத்துப்போகிறோம்.

எங்கள் துப்பறியும் நிலையம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி போடும் ஆவி பலகைத் தரையின் இடுக்கு வழியாக மேலே வந்து கால்களைச் சுற்றிக்கொள்ளும். எனக்கு அது பிடிக்கும். பேசாமல் உட்கார்ந்திருக்க ஏற்ற இடம். நான் பேசாமல் இருந்தால் வருகிறவர்கள் ஆழமாக யோசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். "ஒண்ணும் யோசிக்கல, கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்கறார்" என்று அத்தான் அவர்களுக்கு விளக்குவார்.

அத்தான் என் உதவியாளர். என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் பல வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாதி ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு, அக்கா சமைக்கும்போது பக்கத்தில் நின்று "இப்ப கிளறு, இப்ப இறக்கு" என்று ஆரம்பித்தார். அக்கா அவரை என்னிடம் அனுப்பிவைத்தாள். உதவியாளர் உள்ளே வரும்போது எழுந்து நின்று "வாங்க அத்தான்" என்று சொல்லும் துப்பறிவாளன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"ஒரு யானை விஷயமா வந்திருக்கேன்" என்றார் அந்தப் பெண்மணி. நாற்பதைத் தாண்டியவர். சீருடைச் சட்டையின் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"தொலைஞ்சு போச்சா?" என்றார் அத்தான்.

"இல்லைங்க. கூடுதலா இருக்கு."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த மாதிரி வழக்குக்காகத்தான் அவர் வேலைக்கு வருவது.

அந்தப் பெண்மணி ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையின் கண்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். அங்கே ஒரு புத்திசாலி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஊழியர்கள் வைத்த பெயர் சம்பந்தி.

"எதுக்கெடுத்தாலும் அதை ஒரு வார்த்தை கேட்டுக்கணும். கேக்கலைன்னா முறுக்கிக்கும். அதான் சம்பந்தி" என்றார். "கேமரா பாக்கும், மைக் வச்சு சத்தம் கேக்கும். புகை வருது, வண்டி மெதுவாகுது, ஹாரன் அடிக்குதுன்னு தனித்தனியா பாத்தா ஒண்ணுமில்ல. எல்லாம் ஒண்ணா சேர்ந்து வந்தா, 'இது வண்டி தீப்பிடிச்ச சூழ்நிலை'ன்னு அதுவே அடையாளம் கண்டுபிடிச்சு, என்ன பண்ணலாம்னு யோசனை சொல்லும். முடிவு நம்ம கையில. சரி, தவறுன்னு ரெண்டு பட்டன். ஆரம்பத்துல அதுக்கு சூழ்நிலையெல்லாம் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதனால எனக்கு டீச்சர்னு பேர் வச்சுட்டாங்க."

"இப்ப ஸ்டூடண்ட் என்ன சொல்லுது?"

"கொஞ்ச நாளா மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், 'சூழ்நிலை: யானை. உறுதிதானா?'ன்னு கேக்குது. சரின்னு அழுத்தினதும் ரெண்டு பக்கமும் தடுப்பு இறங்கி, விளக்கெல்லாம் மங்கி, சுரங்கப்பாதை மூடிக்குது. யானை மிரளக் கூடாதாம்."

"யாரு சரின்னு அழுத்தறது?"

டீச்சர் தன் வலதுகை விரலைப் பார்த்தார். ஏதோ ஒழுங்காக வளராத பிள்ளையைப் பார்ப்பதுபோல. "நான்தான். மதிய ஷிஃப்ட் என்னோடது. ஆனா அழுத்தினதா எனக்கு ஞாபகமே இல்லைங்க."

 கீழே யாரோ இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டது.

"இன்னிக்கு சாயங்காலம் விசாரணை" என்றார் டீச்சர். "வேலை போச்சுன்னா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். அதுகூடப் போகட்டும். ஆத்துல படகு விடறது என் தம்பி. சுரங்கத்தை மூடினா ஜனங்க படகுக்குத்தானே போகணும்? அக்கா மூடறா, தம்பி ஓட்டறான், கூட்டுச்சதின்னு சொல்லி ரெண்டு பேரையும் போலீஸ்ல விடப் போறாங்க. அவனுக்குப் போன மாசம்தான் கொழந்தை பொறந்திருக்கு."

இந்த இடத்தில்தான் அவர் அழுததாக எனக்கு நினைவு. மூக்குதான் என்றால் மூக்குதான்.

*

வாடகைக் காரில் போனோம். அத்தானுக்குக் காரில் உட்கார்ந்தால் வலதுகால் தானாக பிரேக்கை மிதிக்கும். பிரேக் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்தாலும் மிதிக்கும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் இரண்டு முறை மிதித்தார்.

"எதுக்கு அத்தான்?"

"யானை குறுக்கே வந்தா?"

கண்ட்ரோல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கத் திரைகள். திரை முழுக்க ஒரே மாதிரியான மஞ்சள் வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருக்கும் வண்டிகள். குளிரூட்டியின் காற்றில் பழைய கம்பள வாடை. வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையின் மேல் இழுப்பறையும் கொஞ்சம் திறந்தே இருந்தது. முதல் மேசையில் ஒரு பருத்த ஆள் பன்னைக் கடித்துக்கொண்டு அகல விழித்திருந்தார்.

"இவர் குறட்டை" என்று டீச்சர் அறிமுகப்படுத்தினார்.

"ஒரே ஒருநாள்தாங்க தூங்கினேன்" என்றார் குறட்டை மனவருத்தத்தோடு.

"இங்க யாருக்கும் சொந்தப் பேர் கிடையாதா?" என்றார் அத்தான்.

"உண்டே. சம்பளத்தன்னிக்கு."

"உங்க டைரக்டருக்கு என்ன பேர் வச்சிருக்கீங்க?"

"ஐயாவுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே சொன்னார்கள்.

அப்போது சுவரிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக, எழுத்து எழுத்தாக உச்சரித்தது. "சூழ்நிலை: அறையில் அந்நியர் இருவர். ஒருவர் ஓயாமல் பேசுகிறார். ஒருவர் பேசவே இல்லை. விருந்தினராக இருக்கலாம். நாற்காலி அளிக்கலாம். உறுதிதானா?"

குறட்டை தலையைத் திருப்பாமல், பன்னைக் கீழே வைக்காமல், இடதுகையால் ஒரு பட்டனைத் தட்டினார். குரல் நின்றது.

"இப்ப என்ன அழுத்தினீங்க?" என்று கேட்டேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"நானா? ஒண்ணும் அழுத்தலையே."

அவர் பொய் சொல்லவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. பன்னில்தான் அவர் கவனம் முழுக்க இருந்தது.

"தவறுன்னு அழுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, அத்தான் பதிலுக்குக் காத்திராமல், குரல் அடுத்த முறை அதையே கேட்டபோது 'தவறு' பட்டனை அழுத்தினார்.

"ஏன் தவறு?" என்றது சம்பந்தி. "விருந்தினர் இல்லையெனில் யார்? உறவினரா? ஆய்வாளரா? வழி தவறியவரா? விளக்கவும்."

"உறவினர்" என்றார் அத்தான் சுவரைப் பார்த்து.

"எவ்வகை உறவு?"

"இவனோட அக்காவைக் கட்டியிருக்கேன்."

"விருப்பத்துடனா?"

அத்தான் என்னைப் பார்த்தார். "மாப்ளே, இதைப் பதில் சொல்லாம நிறுத்த முடியாதா?"

"அதனாலதாங்க யாரும் தவறை அழுத்தறதே இல்ல" என்றார் குறட்டை. "வந்த புதுசுல ஒருதடவை அழுத்தினேன். எங்கப்பா எப்படிச் செத்தார்ங்கற வரைக்கும் கேட்டுது."

நான் அறையின் நடுவில் போய் நின்றேன். "உங்கள்ல யாராவது யானையைப் பாத்தீங்களா?"

விசித்திரம் அங்கேதான் இருந்தது. யானை என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் யாரும் சுரங்கப்பாதைத் திரைகளைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வராந்தாக் கதவைப் பார்த்தார்கள்.

"யானை சுரங்கத்துலதானே வரணும்?" என்றார் அத்தான். "கதவுல என்ன இருக்கு?"

"நான் இருக்கிறேன்" என்றது ஒரு மெல்லிய குரல்.

குறட்டையின் தேநீர் சட்டையில் கொட்டியது. கதவு நிலையில் ஒருவர் நின்றிருந்தார். மடக்கி வைத்த குடையை நிறுத்தினாற்போல ஒல்லியான மனிதர். இயக்குநர். அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. ரப்பர் அடி போட்ட புத்தம்புது ஷூ அணிந்திருந்தார்.

"எப்ப வந்தீங்க சார்?" என்றார் அத்தான்.

"விருப்பத்துடனா என்று கேட்டதே, அப்போது" என்றார் இயக்குநர். பேச்சுவாக்கில்கூட அவர் எழுதுவதைப் போலவே பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார். "யானை இல்லை என்று எனக்கும் தெரியும். இருந்தது என்று இந்த அம்மா உறுதி கொடுத்திருக்கிறார், ஒருமுறை அல்ல. 'சரி' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தெரியாமல் யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்னால் பொய், அல்லது சதி. உங்களுக்குச் சாயங்காலம் வரை நேரம் தருகிறேன்."

ஓசையின்றிப் போய்விட்டார்.

"இப்பல்லாம் எப்படித்தான் வர்றார்னே தெரியலைங்க" என்றார் குறட்டை, சட்டையைத் துடைத்துக்கொண்டு. "முன்னாடி இப்படி இல்ல."

நான் திறந்திருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒவ்வொன்றிலும் வட்டமாகத் தேநீர்க் கறை.

*

சம்பந்தியின் யோசனைப் பட்டியலில் யானைக்கு என்னென்ன எழுதியிருக்கிறது என்று டீச்சர் வாய்விட்டுச் சொன்னார். பல ஊர்களுக்கு, காட்டுப் பாதைகளுக்கும் சேர்த்துச் செய்த இயந்திரம் அது. வாயில்களை மூடவும். விளக்கைக் குறைக்கவும். ஓட வேண்டாம். கடைசியாக: சாணத்தை அகற்றவும்.

"அகற்றினாங்களா?" என்றார் அத்தான்.

"அதுக்குன்னு ஒருத்தரைப் போட்டிருக்காங்க."

அவரைத் தேடிக்கொண்டு சுரங்கப்பாதையின் ஓரமாக இருக்கும் நடைமேடையில் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் உறுமிக்கொண்டு போயின. தூரத்தில் ஒரு உருவம் வாளியும் வாரியலுமாக வந்துகொண்டிருந்தது. உருவம் தெரிவதற்கு முன்பே அது வருவது தெரிந்தது. கீச். கீச். கீச்.

துப்புரவுத் தொழிலாளி. வாளியைக் காலடியில் வைத்துவிட்டு, கேட்பதற்கு ஆள் கிடைத்த நிம்மதியில் பொரிந்து தள்ளினார்.

"நீங்களே சொல்லுங்க சார். தெனமும் யானைச் சாணி அள்ளணுமாம். எங்க இருக்கு சாணி? ஒரு பொட்டு இல்ல. இல்லைன்னு போய்ச் சொன்னா, வேலை செய்யல, சாக்கு சொல்றேன்னு எழுதறாங்க. இல்லாததை எப்படி சார் அள்றது?"

"அள்ளினதா சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் அத்தான்.

"சொன்னேனே. எத்தனை கிலோன்னு கேட்டாங்க."

"எவ்வளவு சொன்னீங்க?"

"யானை போடற அளவு எனக்கென்ன சார் தெரியும்? ஒரு குத்துமதிப்பா கால் கிலோன்னேன். யானைக்கு உடம்பு சரியில்ல போல, டாக்டரை வரச் சொல்லுன்னுட்டாங்க."

அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அந்த மனிதரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீருடை சாயம் போயிருந்தது. ஷூ மட்டும் கறுப்பாக, உயர்ந்த தோலில், பளபளவென்று இருந்தது. அவருக்கு அளவு பெரிது. முன்பக்கம் பேப்பர் திணித்திருந்தார்.

"ஷூ நல்லாருக்கு."

"டைரக்டர் ஐயா கொடுத்தது சார். நல்ல மனுஷன். சத்தம் போடுது, இனிமே வேண்டாம்னு புதுசு வாங்கிட்டார். எனக்கு இந்தச் சத்தம் பிடிச்சிருக்கு. சுரங்கத்துக்குள்ள தனியாத்தானே நடக்கறேன். கூட யாரோ வர்ற மாதிரி இருக்கு."

"மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்க போவீங்க?"

"மேல கண்ட்ரோல் ரூமுக்கு. குப்பைக்கூடை எடுக்க."

"அங்க எல்லாரும் உங்ககிட்ட எப்படி?"

அவர் முகம் மலர்ந்து, உடனே குழம்பியது. "அதான் சார் புரியல. முன்னெல்லாம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இப்ப நான் வராந்தாவுல வரும்போதே உள்ள கப்சிப்னு ஆயிடுது. கதவைத் தொறந்தா எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. எனக்கே வெக்கமா இருக்கும். அப்புறம் என் மூஞ்சியைப் பாத்துட்டுத் திட்டறாங்க."

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலைக்கு மேல் ஆறு போய்க்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு மட்டும் இருந்தது. அத்தான் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. தொழிலாளியிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதீங்க. இவனுக்கு இப்படித்தான் அடிக்கடி நின்னு போகும். தானா ஸ்டார்ட் ஆயிடும்."

*

டீச்சரையும் குறட்டையையும் மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டோம்.

"டைரக்டரை நீங்க எல்லாரும் என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றேன்.

குறட்டை நாலாபக்கமும் பார்த்தார். மேலே பார்த்தார். "ரெண்டு வருஷத்துல எனக்கு பென்ஷன்" என்றார்.

"யானைன்னு" என்று நானே முடித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமென்று அர்த்தம்.

"அந்த ஒல்லியையா?" என்று அத்தான் கத்தியேவிட்டார். "ஃபேன் போட்டா பறந்து போயிடுவாரே! அவர் எந்த ஊர் யானை?"

"உடம்புக்கு வச்ச பேர் இல்ல அத்தான். அவரோட பழைய ஷூ சத்தம் போடும். சத்தம் முன்னாடி வரும், ஆள் பின்னாடி வரும்."

அத்தான் ஒரு கணம் யோசித்தார். அவர் உதடு சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்தது. "அடடே" என்றார்.

"சம்பந்தி யானையைப் பாக்கவே இல்ல" என்றேன். "டைரக்டரையும் பாக்கல. வராந்தாவுல கீச்சுன்னு சத்தம் வருது. பேச்சு நின்னு போகுது. டீ கப்பெல்லாம் டிராயருக்குள்ள போகுது. எல்லாரும் விறைச்சுக்கிட்டு உக்கார்றீங்க. யாரோ ஒருத்தர் 'யானை வருது, யானை வருது'ன்னு கிசுகிசுக்கறார். மைக் கேட்டுக்கிட்டிருக்கு. இத்தனையும் சேர்ந்து வந்தா அதுக்குப் பேர் யானைன்னு நீங்களே வருஷக்கணக்கா அதுக்குப் பாடம் எடுத்திருக்கீங்க. முன்னாடி டைரக்டர் எப்பவாவதுதான் வருவார். இப்ப அந்த ஷூ தினமும் குப்பை எடுக்க வருது. சந்தேகமா இருந்தது உறுதியாயிடுச்சு. அது அடையாளம் கண்டுபிடிச்ச சூழ்நிலை உங்க பயம்."

டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "மாசக்கணக்கா உக்காந்து தீ, புகை, விபத்துன்னு சொல்லிக்கொடுத்தேன். ஒண்ணும் ஏறல. இது மட்டும் ஏறியிருக்கு பாருங்க."

"அப்புறம் என்ன, முடிஞ்சது. டைரக்டர்கிட்ட போய்ச் சொல்லிடலாம்" என்றார் அத்தான்.

 சொல்லி முடித்ததும் அத்தானுக்கே உறைத்தது. "என்னன்னு சொல்றது? 'ஐயா, யானைங்கறது நீங்கதான்'னா?"

"சொன்னா மொத்த ஷிஃப்டும் வீட்டுக்கு" என்றார் குறட்டை.  ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "சொல்லுங்க சார். பேர் வச்சது நான்தான்னு சொல்லுங்க. டீச்சர் போலீஸுக்குப் போகக் கூடாது."

"நீங்க சும்மா இருங்க" என்றார் டீச்சர். "எனக்காக நீங்க வேலையை விட்டுட்டு, அப்புறம் நான் நிம்மதியா என் நாற்காலியில உக்காரணுமா? யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். எனக்கு வர்றது வரட்டும்."

துப்பறிவது முடிந்திருந்தது. கண்டுபிடித்ததை வாயைத் திறந்து சொல்லத்தான் வழியில்லை. பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். அதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தேன்.

*

விசாரணையை இயக்குநர் கண்ட்ரோல் ரூமிலேயே வைத்தார். பட்டன்தான் சாட்சி என்றார். டீச்சரின் நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார். டீச்சர் எதிரில் நின்றார். மற்றவர்கள் மேசைகளில். எல்லோருக்கும் தேநீர் வந்தது. நியாயமான விசாரணை என்று காட்ட அவரே வரவழைத்தது. அவர் எதிரில் கோப்பையை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்கள் கண்டுபிடிப்பு என்ன?" என்றார் என்னிடம்.

"யானை வந்ததற்கு அடையாளம் உண்டா என்று ஒரே ஒரு சாட்சியைக் கேட்க வேண்டும். சாணம் அள்ளுகிறவரை வரச் சொல்லியிருக்கிறேன்" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

"நியாயம்" என்றார் இயக்குநர். "அதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் நிற்பது சொற்களின் மேல். இயந்திரம் ஒன்றைக் கேட்கிறது. மனிதர் சரி என்கிறார். அந்தச் சரிக்கு..."

கீச்.

வராந்தாவின் அந்தக் கோடியில்.

கீச். கீச்.

அப்போது நான் பார்த்ததில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவில்லை. இயக்குநர் அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். அவர் வரப்போவதில்லை, ஏனென்றால் வந்துவிட்டார். அப்படியிருந்தும் அத்தனை கோப்பைகளும் ஒரே நேரத்தில் இழுப்பறைகளுக்குள் போயின. முதுகுகள் நிமிர்ந்தன. குறட்டையின் வாய் தானாகத் திறந்து, "யானை வருது" என்று கிசுகிசுத்தது. பிறகு தன் வாயையே அவர் திகிலோடு தொட்டுப் பார்த்தார்.

கதவைத் திறந்துகொண்டு துப்புரவுத் தொழிலாளி வாளியோடு உள்ளே வந்தார். அறை முழுக்க எழுந்து நின்றது.

"சூழ்நிலை: யானை" என்றது சம்பந்தி. "ஓட வேண்டாம். உரக்கப் பேச வேண்டாம். அதன் கண்ணைப் பார்க்க வேண்டாம். உறுதிதானா?"

இயக்குநர் நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் பார்வை மெதுவாகத் தொழிலாளியின் முகத்திலிருந்து இறங்கி ஷூவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. தன் பழைய ஷூவை அவர் அடையாளம் கண்டுகொள்வதை நான் பார்த்தேன். அவர் அதற்குமேல் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டே போவதும் தெரிந்தது.

"யானை..." என்று ஆரம்பித்தார்.

"உறுதிதானா?" என்றது சம்பந்தி, குரலை உயர்த்தி.

"ஒரு நிமிஷம். அப்படியானால் இத்தனை நாளாக, நான் வரும்போது..."

"உறுதிதானா? உறுதிதானா?"

"சரி, சரி" என்று எரிச்சலோடு சொல்லி, திரும்பிப் பார்க்காமல் இயக்குநர் பட்டனைத் தட்டினார்.

குரல் நின்றது. திரைகளில் மஞ்சள் வெளிச்சம் மங்கியது. இரண்டு வாயில்களிலும் தடுப்புக் கம்பங்கள் இறங்கின. முதல் வண்டி ஹாரன் அடித்தது, பிறகு அதன் பின்னால் நின்ற அத்தனையும் அடித்தன.

இயக்குநர் தன் விரலைப் பார்த்தார். காலையில் டீச்சர் எங்கள் அறையில் பார்த்த அதே பார்வை.

அத்தான் எதையோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கால் வேறொருவருக்கு பிரேக்காகப் பயன்பட்டது. பேச வேண்டியவர் நான் இல்லை, அத்தானும் இல்லை.

"ஐயா" என்றார் டீச்சர். "ஒரே ஒரு கேள்வி. நீங்க இப்ப அழுத்தினது, 'ஆமா, யானைதான்'னா? இல்ல, 'சும்மா இரு'ன்னா?"

ஹாரன்கள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. இயக்குநர் நெடுநேரம் பேசவில்லை. நல்ல மௌனம் எது, கெட்ட மௌனம் எது என்று எனக்கு ஓரளவு தெரியும். அது நல்லது.

"சும்மா இருன்னுதாம்மா" என்றார். அவர் எல்லோரையும்போலப் பேசி அப்போதுதான் கேட்டேன்.

"நானும் அதேதாங்க ஐயா."

இயக்குநர் எழுந்து தடுப்புகளைத் தன் கையாலேயே தூக்கிவிட்டார். பிறகு குறட்டையின் மேசைக்குப் போனார். குறட்டையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"நீங்க வந்த மொத வாரத்துலேர்ந்து ஐயா. மன்னிச்சிடுங்க ஐயா. மரியாதையாத்தான் ஐயா..."

இயக்குநர் இழுப்பறையைத் திறந்து, உள்ளே சாய்ந்திருந்த கோப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு முன்னாடி இருந்த ஆபீஸ்ல என்னைக் கொசுன்னு கூப்பிட்டாங்க" என்றார். "இது பரவாயில்ல."

*

டீச்சர் மேலிருந்த புகார் அன்று மாலையே கைவிடப்பட்டது. அவர் இப்போதும் அதே குவார்ட்டர்ஸில் இருக்கிறார், மதிய ஷிஃப்ட்தான். தம்பி மேல் வழக்கு எதுவும் வரவில்லை. அடுத்த வருஷம் ஆற்றின் மேல் பாலம் வந்ததால் அவன் படகை விட்டுவிட்டு மீன்பிடி வலை விற்கும் கடை வைத்தான். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

குறட்டை பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார். துப்புரவுத் தொழிலாளியின் சாண வேலையை ரத்து செய்ய அலுவலகத்துக்கு மேலும் எட்டு மாதம் பிடித்தது; அதுவரை அவர் சராசரியாகக் கால் கிலோ அள்ளியதாகவே சொல்லிவந்தார். சம்பந்தியின் 'சரி' பட்டனை எடுத்துவிட்டு 'கேட்டேன்' என்று ஒன்றும் 'செய்' என்று ஒன்றும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அதைக் கழற்றிவிட்டு வேறு இயந்திரம் வைத்தார்கள். இயக்குநர் மாற்றலாகிப் போனார். போகும்போது எல்லோரும் வாசல்வரை வந்து நின்றதாக டீச்சர் சொன்னார்.

அத்தானுக்குக் கண்புரை வந்து அறுவை சிகிச்சை ஆனது. இப்போது வேலைக்கு வருவதில்லை, வீட்டில் அக்காவோடு இருக்கிறார். சலவைக்கடை கைமாறிவிட்டது. மாடியில் நான் இருக்கிறேன்.